நுரைப் பிரஷைத் தெரிவுசெய்தல்: சுயசேவை வாகனக் கழுவகம் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் இரண்டு கூடங்களைக் கொண்ட சிறிய கழுவகம் ஒன்றை நடத்துகிறேன். வாகனத்தைக் கொண்டுவருபவரே காசைச் செலுத்தி, உயரழுத்தத் தண்ணீரையும் நுரையையும் தம் கையாலேயே பயன்படுத்திக் கழுவிக்கொண்டு போவார். இதே தொழிலைத் தொடங்க எண்ணி வந்து பார்ப்பவர்கள் பம்பியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் பிரஷைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நுரைப் பிரஷ் என்பது பஞ்சினால் செய்த பிரஷா?

இல்லை. பெயின்ற் பூசுவதற்கு வன்பொருட் கடைகளில் விற்கும் பஞ்சுப் பிரஷுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கழுவகத்து நுரைப் பிரஷின் கைபிடி உள்ளே குடைவான குழாயாகும். இயந்திர அறையில் ஷாம்பூக் கரைசலுடன் அழுத்தக் காற்றைக் கலந்து, நெருக்கமான வலை நிரப்பிய சிறிய உருளையொன்றினூடாகச் செலுத்தும்போது அது நுரையாகிறது. அந்த நுரை தாழ்ந்த அழுத்தத்தில் குழாய்வழி வந்து, கைபிடியினூடாகச் சென்று, பிரஷின் தலையிலுள்ள துளையால் தும்புகளுக்கு நடுவே வெளியேறுகிறது. தேய்ப்பதும் நுரை ஊறுவதும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடப்பதால், தும்பு ஒருபோதும் உலர்ந்த நிலையில் வாகனத்தைத் தொடுவதில்லை, தொடக்கூடாது.

உயரழுத்தத் தண்ணீர் இருக்கும்போது பிரஷ் எதற்கு?

மண் கட்டியையும் சேற்றையும் தண்ணீர் கழற்றிவிடும். ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணின் நுண்துகள் ஒரு மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்; வெள்ளை வாகனத்தை அழுத்தத் தண்ணீரால் மட்டும் கழுவிக் காயவிட்டு விரலால் இழுத்துப் பாருங்கள். அந்தப் படலத்தை எடுக்க ஏதாவதொன்று மேற்பரப்பைத் தொட்டே ஆகவேண்டும்.

பிரஷ் வாகனத்தில் கீறல் போடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் கீறுவது எது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ளாவிட்டால் எவ்வளவு விலைகொடுத்து வாங்கினாலும் தவறான பிரஷையே வாங்குவீர்கள். இக்கால வாகனங்களில் நிறத்தின் மேல் பூசப்பட்டிருக்கும் நிறமற்ற மேற்பூச்சு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் தடிப்பு மட்டுமே கொண்டது. மனிதரின் தலைமயிரைவிட மெல்லியது. நல்ல தும்பு, நுரையில் நனைந்த நிலையில், அந்தப் பூச்சைக் கீறும் வலுவற்றது. மணலின் பெரும்பகுதியான குவாட்ஸ் என்னும் கனிமமோ, கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7ஆம் இடத்தில் நிற்பது. கத்தியின் உருக்கையே கீறக்கூடியது. மணற்காட்டுப் பக்கம் போய்வந்த வாகனத்தின் மணல், தோட்டவெளிப் பாதையால் வந்த வாகனத்தின் செம்மண், வீதி வேலை நடக்கும் இடத்தின் கல்தூள் எல்லாம் பிரஷின் தும்புகளுக்கு நடுவே ஒதுங்கி, அடுத்து வருபவரின் வாகனத்தில் தேய்க்கப்படும்போதுதான் சிலந்திவலை போன்ற கீறல்கள் விழுகின்றன. முன்னவர் விட்டுச்சென்ற மண்ணுக்குப் பின்னவர் விலை கொடுக்கிறார்.

ஆகையால் கடையில் பிரஷைக் கையிலெடுத்ததும் எல்லோரும் கேட்கும் ‘எவ்வளவு மென்மை?’ என்ற கேள்வியை நான் இரண்டாவதாகவே வைக்கிறேன். முதலாவது, ‘உள்ளே போன மண்ணை இது எவ்வளவு எளிதில் வெளியே விடும்?’ என்பதாகும். தும்புக் கற்றைகள் அளவுக்கு மீறி நெருக்கமாக நடப்பட்ட பிரஷ் தொடுவதற்குப் பஞ்சணை போலிருக்கும். அதன் அடியில் புகுந்த மணலோ எளிதில் வெளியே வராது. கற்றைக்கும் கற்றைக்கும் இடையே தண்ணீர் ஓடுவதற்கு இடமிருக்க வேண்டும். மைக்ரோபைபர் துணியாலான தலைகள் பொதுப் பயன்பாட்டுக்குப் பொருந்தாமைக்கும் இதுவே காரணம். வீட்டில் ஒருவர் ஒரு வாகனத்தைக் கழுவி, துணியை உடனே அலசிவைக்கும்போது அவை மிக நல்லவை. நாளொன்றுக்குப் பலர் கைமாறும் கூடத்தில் அவை மண்ணைச் சேமிக்கும் பைகளாகிவிடும்.

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனமே ஒரு சொத்தாக மாறிவிட்டது. முன்பு கண்டும் காணாமல் போன கீறலுக்கு இப்போது வெயிலில் நிறுத்திவைத்து விளக்கம் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

பன்றிமயிர்ப் பிரஷ் நல்லதா, செயற்கைத் தும்பு நல்லதா?

தொழில்நோக்கில் மட்டும் பார்த்தால் பன்றிமயிருக்குத் தனிச்சிறப்பு உண்டு. அதன் நுனி இயற்கையாகவே பல கிளைகளாகப் பிளந்திருக்கும். தேயத் தேயவும் நுனி மீண்டும் பிளந்துகொண்டே போகும். தண்ணீரை உறிஞ்சி மென்மையாகும். நுரையையும் நன்றாகத் தாங்கும். பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. விலை அதிகம். அதன் பலவீனம் உலர்தலாகும். நம்மூர்ப் பங்குனி, சித்திரை வெயிலில் நாள்தோறும் நனைந்து காய்ந்தால் மயிர் உடையத் தொடங்கும். காரத்தன்மை கூடிய கழுவுதிரவங்களும் குளோரின் வெளுப்பான்களும் மயிரின் புரதத்தைச் சிதைத்துவிடும் என்பதால், கிருமிநீக்கம் என்று எண்ணி வெளுப்பானில் ஊறவைத்தால் மறுநாள் பாதி மயிர் கையோடு வரும்.

செயற்கைத் தும்புகளில் நைலோன் தண்ணீரை ஓரளவு உறிஞ்சிச் சற்றுத் தளரும். வளைந்தாலும் மீண்டும் நிமிரும். பொலிபுரொப்பிலீன் தண்ணீரை உறிஞ்சாது, விலை குறைவு, ஆனால் வெயிலின் புறஊதாக் கதிர்களில் விரைவாக உக்கிப்போகும். எதை வாங்கினாலும் நுனி பிளக்கப்பட்ட தும்பாக இருக்கவேண்டும். வெட்டிய நுனி ஊசிபோல் நிற்கும் தும்பு ரயருக்கும் நிலத்துக்கும் உரியது.

என் தெரிவு நுனி பிளந்த நைலோன். பன்றிமயிரை விட ஒரு படி குறைந்த மென்மையே கிடைக்கிறது. ஆயினும் மண்ணை இலகுவாக விடுகிறது, வெயிலையும் கூடுதலாகத் தாங்குகிறது, விலை தாங்கக்கூடியதாக இருப்பதால் உரிய நேரத்தில் மாற்றவும் மனம் வருகிறது. விலையுயர்ந்த பிரஷை வாங்கியவர் அதைத் தேய்ந்த பின்னும் வைத்திருப்பார். எனக்குத் தெரிந்த அளவில் கூடுதல் கீறல்கள் அந்த ஆசையிலிருந்தே வருகின்றன.

பன்றிமயிர் என்றால் வாடிக்கையாளர்கள் தயங்குவார்களா?

தயங்குவார்கள். தொடக்கத்தில் ஒரு கூடத்தில் பன்றிமயிர்ப் பிரஷைத் தொங்கவிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகுமுன் வாகனம் கழுவ வந்த பெரியவர் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, உது பண்டி மயிரோ?” என்று கேட்டார். ஓமென்றதும் பிரஷைத் திரும்ப மாட்டிவிட்டு, வெறும் தண்ணீரால் கழுவிக்கொண்டு போனார். மரக்கறி உணவு மட்டும் உண்போருக்கும் விரதகாரருக்கும் மனத்தடை இருக்கும். முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்கு அது சமய ஒழுக்கம் சார்ந்த விடயம். மறைத்து வைப்பது முறையல்ல. வைத்திருப்பதானால் கூடத்தின் முகப்பில் தெளிவாக எழுதிப்போட வேண்டும். செயற்கைத் தும்புள்ள இன்னொரு கூடமும் இருக்கவேண்டும்.

கடைக்காரர் பன்றிமயிர் என்று சொல்வதை எப்படிச் சோதிப்பது?

அனுமதி பெற்று இரண்டு மூன்று தும்பை இழுத்தெடுத்து நெருப்பில் காட்டுங்கள். மயிரானால் தலைமயிர் கருகும் மணம் வரும். எஞ்சும் கரி விரலிடையில் பொடியாகும். செயற்கைத் தும்பானால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். நான் முதலில் வாங்கிய ‘பன்றிமயிர்’ப் பிரஷ்களில் ஒன்று இப்படித்தான் மணியாக உருகியது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. விலைச்சீட்டில் ‘பிரஷ்’ என்று மட்டும் எழுதியிருந்ததால் என்னிடம் பேச வாயுமில்லை. ஆகவே தும்பின் வகையை விலைச்சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள்.

இழுக்கும்போதே இன்னொன்றும் தெரியவரும். தும்பு எளிதாகக் கழன்று வந்தால் கற்றை சரியாக இறுக்கப்படவில்லை. நுனிப் பிளவை உருப்பெருக்கியால் பாருங்கள். பின்னர் நனைத்து, முழங்கையின் உட்பக்கத் தோலில் தேயுங்கள். உள்ளங்கை வேலைசெய்து தடித்த இடம், அது பொய் சொல்லும். இவற்றையெல்லாம் விட நம்பகமான சோதனை, பழைய கறுப்பு பொனற் ஒன்றைக் கராஜில் கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவி மினுக்கி, நுரையுடன் நூறு தடவை தேய்த்துவிட்டு வெயிலில் சரித்துப் பார்ப்பதாகும். அந்த பொனற் இன்னும் என் இயந்திர அறையில் கிடக்கிறது. புதிய வகைப் பிரஷ் எது வந்தாலும் முதலில் அதில்தான் தேய்க்கிறேன்.

நம்மூர்ப் பனந்தும்பால் செய்த பிரஷைப் பயன்படுத்தலாமா?

வாகனத்தின் பூச்சில் பயன்படுத்தக்கூடாது. பனந்தும்பு உலகெங்கும் பிரஷ் செய்யப் பயன்படும் தும்புதான். அதன் பெருமையே விறைப்பும் தண்ணீரில் உக்காத உறுதியும் ஆகும். அந்த விறைப்பு ரயருக்கும், சில்லுக்கு மேலுள்ள வளைவின் உட்புறத்துக்கும், காலடி விரிப்புக்கும், கூடத்து நிலத்துக்கும் மிகப் பொருத்தமானது. வெளிநாட்டு ரயர் பிரஷை வாங்குவதற்கு முன் உள்ளூர்ப் பனந்தும்புப் பிரஷை ஒருமுறை முயன்று பாருங்கள். தென்னந்தும்பில் செய்த தும்புத்தடியால் வாகனத்தைத் தேய்ப்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அதைப் பற்றி எழுதி இந்தப் பக்கத்தை நீட்ட விரும்பவில்லை.

மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் எல்லாவற்றுக்கும் ஒரே பிரஷ் போதுமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை: போதாது. மோட்டார் சைக்கிளின் சங்கிலியைத் தேய்த்த பிரஷில் கிறீஸ் ஏறும். கிறீஸில் மணல் ஒட்டும். ஒட்டிய மணலைத் தண்ணீர் கழற்றாது. மழைக்காலத்தில் வயலிலிருந்து நேரே வரும் லான்ட்மாஸ்ரரை ஒருவர் நுரைப் பிரஷால் தேய்த்துவிட்டுப் போன அரை மணித்தியாலத்தில், அதே பிரஷால் கறுப்புக் கார் ஒன்று கழுவப்பட்டது. அந்த பொனற்றை மினுக்கிக் கொடுத்த செலவு என்னுடையது. எல்லா வாகனத்துக்கும் ஒரே பிரஷைத் தொங்கவிட்டிருந்தது என் பிழை. தேய்த்தவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

அதன் பின் செய்த மாற்றம் எளிமையானது. ஒரு கூடத்தைக் கார், வான் ஆகியவற்றுக்கு மட்டும் ஒதுக்கினேன். மற்றைய கூடத்தில் கடினமான, வேறு நிறத் தும்புள்ள பிரஷை மாட்டி, “மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், ரயர்” என்று பெரிதாக எழுதினேன். நிறம் வேறுபட்டால் எழுத்தை வாசிக்காதவரும் பிரித்தறிவார். ஒரேயொரு கூடம் வைத்திருப்பவர் அங்கேயே இரண்டு பிரஷ் வைக்கவேண்டும். கடினப் பிரஷை நுரைக்குழாயில் இணைக்கத் தேவையில்லை, வாளியும் கைப்பிரஷும் போதும்.

நுரை சரியாக வருவதில்லை. பிரஷின் பிழையா?

பெரும்பாலும் தண்ணீரின் தன்மைதான் காரணம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் நாம் பயன்படுத்துவது சுண்ணக்கற் பாறையில் தேங்கிய நிலத்தடி நீர். அதில் கரைந்திருக்கும் கல்சியம் ஷாம்பூவின் ஒரு பங்கை வீணாக்கிவிடுகிறது. கிணற்றடியில் சவர்க்காரம் நுரைக்காத அனுபவம் நமக்குப் புதிதன்று. அதே சுண்ணாம்பு நுரை உருளையின் வலையிலும் பிரஷ் தலையின் துளையிலும் வெண்மையாகப் படிந்து வழியை அடைக்கும். பிரஷ் தலையைக் கழற்றித் துளையைப் பாருங்கள். படிவு இருந்தால் வினாகிரியில் சிறிது நேரம் வைத்து, நன்றாக அலசுங்கள். அலுமினியத் தலையை நீண்ட நேரம் விடவேண்டாம், அமிலம் உலோகத்தையும் தின்னும்.

கடின நீரிலும் நுரைக்கும் நடுநிலையான செயற்கைச் சலவைப்பொருளைக் கொண்ட ஷாம்பூவை வாங்குவது முதற்படி. மென்னீராக்கும் இயந்திரம் பயன் தரும். ஆனால் அதைப் புதுப்பிக்க உப்புக்கரைசல் வேண்டும், அந்த உப்புத்தண்ணீரை நிலத்தில் விட்டால் ஏற்கெனவே உவராகிவரும் கிணறுகளுக்கு நாமே தீங்கு செய்தவர்களாவோம். எனக்குப் பிடித்த வழி மழைநீர். நூறு சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் கணக்குப்படி 1000 லீற்றர். சிந்தியது போக அதில் பெரும்பங்கு தொட்டிக்கு வரும். நுரைப் பிரஷுக்குப் போகும் தண்ணீரின் அளவு உயரழுத்தக் குழாயோடு ஒப்பிடச் சிறியது என்பதால், ஐப்பசி முதல் மார்கழி வரை சேமித்ததை நுரைக்கரைசலுக்கு மட்டும் ஒதுக்கினால் வெகு நாட்களுக்கு வருகிறது. அதே ஷாம்பூ, அதே பிரஷ். நுரை மட்டும் வேறு மாதிரி நிற்கும்.

தலையின் அளவும் கைபிடியின் நீளமும் எவ்வளவு இருக்கவேண்டும்?

தும்பின் நீளம் இரண்டரை முதல் மூன்று அங்குலம் வரை இருப்பது வசதி. அதற்குக் குறைந்தால் கை அழுத்தும்போது தலையின் கட்டை வாகனத்தில் முட்டும். தலையைச் சுற்றி மென்மையான றப்பர் விளிம்பு இல்லாத பிரஷை வாங்கவே வேண்டாம். கீறல்களில் ஒரு பங்கு தும்பால் அன்றிக் கட்டையின் மூலையால் விழுபவை. அலுமினியக் கட்டை உறுதியானது, ஆனால் பாரமும் கூடியது. விழுந்தால் நிலத்தையும் வாகனத்தையும் சேர்த்துப் புண்ணாக்கும். பிளாஸ்ரிக் கட்டை எனக்குப் போதுமாயிருக்கிறது.

கைபிடியைத் தெரிவுசெய்யும்போது டொல்பின் வானின் உயரமான கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டாதவர் சில்லில் ஏறி நின்று தேய்ப்பார், வழுக்கும். மிக நீண்ட கைபிடியோ பக்கத்துக் கண்ணாடிகளில் இடிக்கும். நாலடி அளவு நடுத்தரமானது. நுரைக்குழாய் நிலத்தில் இழுபடாமல் கூரையில் சுழலும் கையிலிருந்து இறங்கவேண்டும். நிலத்தில் இழுபடும் குழாய் மண்ணை அள்ளிவந்து கதவில் உரசும்.

புதிய பிரஷை மாட்டியதும் இணைப்பில் ஒழுகுகிறது. ஏன்?

புரிமுறை வேறாக இருக்கும். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த கைபிடிகளில் என்.பி.ரி. எனும் அமெரிக்கத் தரப் புரி இருக்கும்; நம்மூர்க் குழாய்ப் பொருட்கள் பி.எஸ்.பி. எனும் பிரித்தானியத் தரப் புரியைக் கொண்டவை. முன்னதன் புரிக்கோணம் 60 பாகை, பின்னதன் கோணம் 55 பாகை. எட்டில் மூன்று அங்குல இணைப்பில், அங்குலத்துக்கு முன்னதில் 18 புரியும் பின்னதில் 19 புரியும் என எண்ணிக்கையும் மாறுபடும்.

இரண்டு மூன்று சுற்று ஏறிவிடுவதால் பொருந்திவிட்டதென்று எண்ணி, வெள்ளை நாடாவைச் சுற்றி இறுக்குவோம். ஒரு கிழமையில் ஒழுகும், மேலும் இறுக்கினால் புரி அழியும். இடையில் வைக்கும் மாற்று இணைப்பை பிரஷோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். கடற்காற்று வீசும் இடங்களில், குறிப்பாகத் தீவுப்பகுதியிலும் பருத்தித்துறைக் கரையிலும், பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு இணைப்பே நிலைக்கும்.

பிரஷை எப்படித் தொங்கவிடுவது?

தும்பு கீழ்நோக்கியிருக்க, நிழலில், எதிலும் முட்டாமல் தொங்கவேண்டும். வாளிக்குள் நிறுத்தினால் கழன்ற மணல் வாளியின் அடியில் தங்கி மீண்டும் தும்பிலேயே ஏறும். தும்பும் ஒரு பக்கமாக வளையும். தொங்கும் இடத்துக்கு நேரே “முதலில் பிரஷை அழுத்தத் தண்ணீரால் கழுவவும், பின்னர் வாகனத்தைக் கழுவவும், அதன் பின்பே தேய்க்கவும்” என்று எழுதிவையுங்கள். எல்லோரும் செய்யமாட்டார்கள். ஆகையால் காலையிலும் மதியத்திலும் கடை மூடும்போதும் நானே தும்பை விரல்களால் பிரித்து, அடிவரை தண்ணீர் அடிக்கிறேன். அப்போது கீழே ஒரு வெள்ளைத் தட்டை வைத்துப் பார்த்தால், எவ்வளவு மண் உள்ளே இருந்தது என்பதை வேறெவரும் சொல்லத் தேவையில்லை.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும்?

மாதக்கணக்கு உதவாது, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னைய கிழமைகளில் தேய்வது மற்றைய காலத்து மாதங்களுக்குச் சமம். தும்பு வெளிப்புறமாகப் பரந்து வாழைப்பூ மடல் போல் விரிந்தாலோ, புதிய பிரஷோடு வைத்துப் பார்க்கையில் மூன்றிலொரு பங்கு உயரம் குறைந்திருந்தாலோ, நுனிப் பிளவு மறைந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். கூடத்துக்கு ஒன்று மேலதிகமாக இருப்பில் இருக்கட்டும்.

பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களுக்கு இந்தப் பிரஷ் பொருந்துமா?

அந்தக் கார்களின் அசல் பூச்சில் நிறமற்ற மேற்பூச்சு கிடையாது, நிறமே வெளிப்புறம். தேய்த்தால் நுரையில் சிறிது நிறம் இறங்கும், பார்த்துப் பதறவேண்டாம். ஆயினும் பிற்காலத்தில் மறுபூச்சுப் பூசப்பட்டவையே அதிகம் என்பதாலும், ஓரங்களில் பூச்சு உரிந்திருக்கக்கூடும் என்பதாலும், அவற்றின் சொந்தக்காரரிடம் நான் பிரஷைக் கொடுப்பதில்லை. ஒரு வாளி தண்ணீரும் மென்மையான துணியும் கொடுக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர் துணியையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருப்பார்கள்.

தேய்ந்த பிரஷை என்ன செய்வது?

கைபிடி நன்றாக இருந்தால் தலையை மட்டும் மாற்றலாம். அப்படி மாற்றக்கூடிய வகையையே முதலில் வாங்குங்கள். கழற்றிய தலையை மறுபடி கார்க் கூடத்தின் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பதற்காக, அதன் றப்பர் விளிம்பை அன்றே வெட்டிவிடுகிறேன். ரயர் தேய்ப்பதற்குச் சில மாதம் உழைக்கும். அதற்கும் உதவாமல் போனதை வீட்டுக்குக் கொண்டுபோனால், மாரி முடிந்த கையோடு கிணற்றுக்கட்டிலும் தொட்டியிலும் பிடித்த பாசியை உரசி எடுக்க அம்மா கேட்டு வாங்கிக்கொள்வார்.